வட்டத்தொட்டியின் நாயகர் ரசிகமணி டி.கே.சி.

தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் தாங்கள் எழுதிய நூல்களால் இடம்பெற்றவர்கள். காவியம் செய்தவர்கள், உரை வகுத்தவர்கள், ஏடு தேடிப் பதிப்பித்தவர்கள், கதை புனைந்தவர்கள் என்று அவர்களை எளிதில் வகைப்படுத்திவிடலாம். இந்த வகைகளில் எதிலும் முழுமையாக அடங்காத ஒருவர், நண்பர்களோடு அமர்ந்து கவிதையைப் பற்றிப் பேசியதற்காகவே அந்த வரலாற்றில் நிலைபெற்றார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் பின்னர்த் திருக்குற்றாலத்திலும் வாழ்ந்த டி.கே. சிதம்பரநாத முதலியார் அவர். ரசிகமணி டி.கே.சி. என்ற பெயரே தமிழ்நாடு நன்கறிந்த பெயர். அவர் நூல்களும் எழுதினார். ஆயினும் அவருடைய பேச்சைக் கேட்டவர்களுக்கு அந்நூல்கள் அப்பேச்சின் எதிரொலியாகவே தோன்றின.

பேச்சு காற்றோடு போவது. அதிலும் நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்காகப் பேசும் பேச்சுக்குக் குறிப்பேடு கிடையாது, தீர்மானம் கிடையாது, அச்சேறும் வாய்ப்பும் அரிது. அத்தகைய பேச்சினால் இலக்கியத்துக்கு விளையும் பயன் என்ன என்ற கேள்வி ஒவ்வோர் இலக்கிய வட்டத்தின் முன்னும் நிற்பதாகும். டி.கே.சி.யின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு ஒரு விடை. அவ்விடையில் பெருமையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

வழக்கறிஞர் தொழிலும் கவிதையும்

டி.கே.சி. 1882ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பெயர் தீத்தாரப்ப முதலியார், தாயார் மீனாம்பாள். தென்காசிப் பக்கத்துச் சைவக் குடும்பம். குற்றாலமலைச் சாரலும் தென்காசிக் கோபுரமும் அவருடைய இளமையோடு கலந்தவை. தென்காசியில் தொடங்கிய கல்வி திருச்சிராப்பள்ளியில் தொடர்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டப் படிப்பாக நிறைவெய்தியது. பின்னர்ச் சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞரானார்.

ஆங்கிலம் கற்றவர்கள் தமிழைப் படிப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணிய காலம் அது. தமிழ் கற்பித்தோர் நிலையோ வேறு. பாடலைப் பதம் பதமாகப் பிரித்து, இலக்கணக் குறிப்புச் சொல்லி, பொழிப்புரை எழுதச் செய்வதோடு அவர்களுடைய கடமை முடிந்துவிட்டது. இந்த இரண்டு போக்குகளுக்கும் இடையில் கவிதை அநாதையாக நின்றது. ஆங்கிலக் கவிதையில் ஆழ்ந்து பழகிய டி.கே.சி., அந்தப் பழக்கத்தால் கூர்மைபெற்ற செவியோடு கம்பரிடம் திரும்பினார். கவிதை என்பது செய்தியன்று, உணர்ச்சி தனக்கென ஓர் உருவத்தைத் தேடிக்கொண்டு ஒலியாக வெளிப்படுவது என்ற முடிவுக்கு வந்தார். உருவம் என்ற சொல்லை அவர் தம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

வழக்கறிஞர் தொழிலில் அவர் பெரும்பொருள் ஈட்டியவர் அல்லர். 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாண மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930களின் முற்பகுதியில் இந்து சமய அறநிலைய வாரியத்தில் ஆணையராகப் பணியாற்றினார். பதவிகள் வந்தன, போயின. அவற்றால் அவர் அறியப்படவில்லை. அவற்றைக் கொண்டு அறியப்பட வேண்டும் என்று விரும்பியவரும் அல்லர்.

தொட்டிக்கட்டில் கூடிய வட்டம்

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றமும் அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அமைந்திருக்கும். தொட்டிக்கட்டு என்பது அதன் பெயர். வண்ணார்பேட்டையில் டி.கே.சி.யின் வீட்டில் இருந்த தொட்டிக்கட்டு வட்ட வடிவில் அமைந்தது. 1924ஆம் ஆண்டு வாக்கில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் சிலர் அங்கே கூடத் தொடங்கினர். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி, வட்டத்தொட்டி என வழங்கலாயிற்று. அவர் சென்னையில் பணியாற்றிய காலத்தில் இடைவெளி விழுந்தது. திருநெல்வேலிக்குத் திரும்பிய பின்னர் மீண்டும் கூடியது.

வட்டத்தொட்டிக்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. வந்தவர்களில் வழக்கறிஞர்கள் இருந்தனர், கல்லூரி ஆசிரியர்கள் இருந்தனர், அரசு அலுவலர்கள் இருந்தனர், மாணவர்களும் இருந்தனர். தமிழை முறையாகக் கற்ற புலவர்களைக் காட்டிலும், தமிழ் தமக்குரியதன்று என்று எண்ணி ஒதுங்கியிருந்த படித்தவர்களே அங்கு மிகுதி. கம்பரில் ஒரு பாடல் எடுக்கப்படும். அதிலிருந்து பேச்சு திருக்குறளுக்குப் போகும், நம்மாழ்வாருக்குப் போகும், குற்றாலக் குறவஞ்சிக்கும் தனிப்பாடல்களுக்கும் போகும், ஷேக்ஸ்பியருக்குப் போய்த் திரும்பும். அன்று கேட்ட சங்கீதம், கோயிலில் பார்த்த சிற்பம், புதிதாக வந்த புத்தகம் எல்லாம் இடையிடையே நுழையும். அன்றைய பேச்சு எங்கே முடியும் என்பது தொடங்கும்போது யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டு விருந்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டி.கே.சி.யின் நண்பர்கள் அவரைப் பற்றி எழுதும்போது கம்பருக்கு அடுத்தபடியாக நினைவுகூர்வது அந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான். வேளை பார்க்காமல் வருபவர்கள், முன்னறிவிப்பின்றி வருபவர்கள், நாட்கணக்கில் தங்குபவர்கள் எல்லாருக்கும் இலை விழுந்தது. டி.கே.சி.யின் துணைவியார் பிச்சம்மாளும் வீட்டாரும் அடுக்களையில் பட்ட பாட்டின்மேல்தான் தாழ்வாரத்தில் அத்தனை பேச்சும் நடந்தது. அப்படி உழைத்தவர்களின் பெயர் இலக்கிய வரலாற்றில் ஏறுவதில்லை. ஓர் இலக்கிய வட்டம் பல ஆண்டுகள் நிலைத்தது என்றால், அதன் பின்னே அலுப்பின்றி உலை வைத்த கைகள் இருந்தன என்பது பொருள்.

பாடலைச் சொல்லும் முறை

டி.கே.சி. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் அதனை உடனே விளக்கிவிடுவதில்லை. முதலில் அது பிறந்த சூழ்நிலையைக் கேட்போர் மனத்தில் எழுப்புவார். பேசுகிறவர் யார், எந்த நிலையில் நின்று பேசுகிறார், கேட்பவர் யார் என்பதெல்லாம் துலங்கிய பின்னரே பாடலைச் சொல்லுவார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, ஒரு முறைக்குப் பல முறையாகச் சொல்லுவார். ஒரே பாடலில் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடுவதும் உண்டு. முடிவில் கேட்டவர்களுக்கு அப்பாடல் மனப்பாடமாகியிருக்கும். பொருள் தனியாகச் சொல்லப்பட வேண்டிய தேவையே எழாது.

இம்முறையின் இயல்பை ஒரு சான்றினால் உணரலாம். அவர் பெரிதும் ஈடுபட்ட முத்தொள்ளாயிரத்தில் சேர மன்னனின் உலாவைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. மன்னன் வீதியில் வருகிறான். அவனைக் காணப் பெண்கள் கதவைத் திறக்கிறார்கள். தாய்மார் அடைக்கிறார்கள். மறுபடியும் திறப்பு, மறுபடியும் அடைப்பு. இப்படித் திரிந்து திரிந்து கதவின் குடுமியே தேய்ந்துபோயிற்று என்று பாடல் சொல்கிறது. பழங்காலக் கதவு கீல் இல்லாமல், மேலும் கீழும் நீண்ட குடுமியில் சுழலும் என்று குறிப்பெழுதினால் பொருள் விளங்கிவிடும். ஆனால் பாடல் விளங்காது. திறப்பதும் அடைப்பதுமாகிய அந்த அவசரம் பாட்டின் ஓட்டத்திலேயே கேட்கிறது. அதைக் காதால் கேட்டவருக்கே பெண்ணின் ஆசையும் தாயின் அச்சமும் ஒரு மரக்கதவில் வந்து மோதுவது புலப்படும். கண்ணால் படிக்கும் கல்வி இந்த ஓசையை இழக்கச் செய்தது என்பதுதான் டி.கே.சி.யின் வழக்கு. வாழ்நாள் முழுவதும் அவர் மெய்யாக வாதாடிய வழக்கு அது ஒன்றே எனலாம்.

இவ்வழக்கில் அவருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கத்தக்கவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களை நிறுத்து, காலத்தைக் கணித்துத் தமிழ் ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த அறிஞர். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகச் செல்லுமுன் அவரும் திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருந்தவர், டி.கே.சி.யின் நண்பர். முத்தொள்ளாயிரப் பாடல்கள் நமக்குக் கிடைத்ததே புறத்திரட்டு என்ற தொகைநூலின் வழியாகத்தான். அதனை 1930களின் இறுதியில் செம்மையாகப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. அப்பாடல்களுக்கு விளக்கம் எழுதிப் பொதுமக்கள் நாவில் ஏற்றியவர் டி.கே.சி. ஒருவர் பாடலை அழிவிலிருந்து மீட்டார். மற்றவர் மறதியிலிருந்து மீட்டார். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தந்திருக்காது.

கவிமணியும் மகனின் மறைவும்

பழைய கவிதையைப் போற்றுகிறவர்கள் தம் காலத்துக் கவிஞரைக் கண்டுகொள்ளாமல் விடுவது உலக வழக்கம். டி.கே.சி. அந்தக் குறைக்கு ஆளாகவில்லை. நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, விளம்பரம் விரும்பாமல் வாழ்ந்த தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களை நண்பர்கள் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டி, அவற்றின் எளிமைக்குள் இருக்கும் அருமையை உணர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர். கவிமணியின் பாடல்கள் 1938இல் மலரும் மாலையும் என்ற தொகுதியாக வெளிவந்தபோது, அவற்றை வரவேற்கும் செவிகள் பல ஏற்கெனவே பண்பட்டிருந்தன.

இந்த நட்பின் ஆழம் ஒரு துயரத்தில் வெளிப்பட்டது. டி.கே.சி.யின் மகன் தீத்தாரப்பன் இளமையிலேயே மறைந்தார். தந்தையைப் போலவே இலக்கியத்தில் தோய்ந்த இளைஞர். வட்டத்தொட்டி அன்பர்களுக்கெல்லாம் நெருங்கியவர். செய்தி கேட்ட கவிமணி தம் ஆற்றாமையை ஒரு பாடலாக எழுதி அனுப்பினார். அதைப் பெற்ற டி.கே.சி., இத்தகைய பாடல் கிடைக்குமானால் மகனைப் பறிகொடுத்ததையும் தாங்கிக்கொள்ளலாம் என்ற கருத்துப்படப் பதில் எழுதினார் என்று நண்பர்கள் சொல்வதுண்டு.

இந்நிகழ்ச்சி அவருடைய ரசனைக்குச் சான்றாகப் பல மேடைகளில் வியந்து பேசப்பட்டது. கேட்டுத் திடுக்கிட்டவர்களும் உண்டு. பெற்ற மகனைக் காட்டிலும் பாட்டு பெரிதா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நெடுங்காலம் கவிதை மனித உணர்ச்சியின் உண்மையான உருவம் என்று நண்பர்களிடம் சொல்லிவந்த ஒருவர், அந்தச் சொல்லைத் தம் வாழ்வின் மிகக் கொடிய நாளில் பரிசோதிக்க நேர்ந்தது என்று அதனைக் காண வேண்டும். ஆறுதல் மொழிகள் எல்லாம் வெறும் சடங்காக ஒலித்திருக்கக்கூடிய நேரத்தில், நண்பர் அனுப்பிய சில அடிகள் மட்டும் துக்கத்தின் அளவுக்கு ஈடாக நின்றன. மகன் சிறியவனாகிவிட்டான் என்று அதற்குப் பொருளன்று. மகனுக்கு அழத் தெரியாமல் நின்ற தந்தைக்கு அழுவதற்கு ஒரு மொழி கிடைத்தது என்று பொருள். கவிதை பற்றிய நண்பர்களின் பேச்சு வெறும் பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு டி.கே.சி.யின் வாழ்க்கையில் இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

வீட்டை விட்டு வெளியே

தொட்டிக்கட்டில் பிறந்த ரசனை மெல்ல மெல்ல நாட்டில் பரவியது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்டு முதல் விழா எடுத்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் டி.கே.சி. ஊர்தோறும் கம்பன் விழாக்கள் பெருகுவதற்கு அது தோற்றுவாயாயிற்று. தமிழ்நாட்டில் பாடப்படும் பாட்டு கேட்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்திலும் அவர் உறுதியாக நின்றார். 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் அமைந்தவை. அவற்றுக்கு எழுந்த எதிர்ப்பைக் கல்கி தம் எழுத்தால் எதிர்கொண்டார், டி.கே.சி. தம் பேச்சால் எதிர்கொண்டார். கல்வி தமிழிலேயே நடைபெற வேண்டும் என்பதையும் அவர் இடைவிடாது வற்புறுத்தினார். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பிறந்ததிலிருந்து காதில் விழுந்துவரும் மொழியில்தான் ஒருவரின் உணர்ச்சி முழுமையாக அசையும் என்ற நம்பிக்கை.

குற்றாலத்து நாட்கள்

பிற்காலத்தில் டி.கே.சி. திருக்குற்றாலத்தில் குடியேறினார். வட்டத்தொட்டி இடம் மாறியது, இயல்பு மாறவில்லை. சாரல் பருவத்தில் அருவிக் குளியலுக்கு வருபவர்களில் பலர் அவரைக் காண்பதற்காகவே வந்தனர். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். அருவியில் நீராடி, விருந்துண்டு, கம்பர் பாடலைக் கேட்பது என்பது அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு யாத்திரை போலாயிற்று. அரசியலில் எத்தனையோ சுமைகளைத் தாங்கிய ராஜாஜி, அந்த வீட்டில் ஒரு ரசிகராக மட்டும் அமர முடிந்தது.

பெரியவர்கள் மட்டும் வந்தார்கள் என்பதில்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கிராமத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தனர். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்பவர்கள் அவர்கள். கைப்பணம் இல்லை, பட்டம் இல்லை, பெரிய குடும்பத்துப் பின்னணி இல்லை. டி.கே.சி. அவர்களைச் சமமாக வைத்துப் பேசினார். அழகிரிசாமி பிற்காலத்தில் தமிழின் தலைசிறந்த சிறுகதை ஆசிரியர்களுள் ஒருவரானார்; 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சு மொழியை இலக்கிய மொழியாக்கி, 1991இல் அவ்விருதைப் பெற்று, 2021வரை வாழ்ந்தார். பேச்சுக்கு இருக்கும் உயிர் எழுத்துக்கும் வர வேண்டும் என்பது கி.ரா.வின் எழுத்தெங்கும் காணப்படும் கொள்கை. அக்கொள்கைக்குக் குற்றாலத்தில் உரம் கிடைத்திருந்தது என்று கருதுவதில் தவறில்லை.

நேரில் வர முடியாதவர்களுக்கு டி.கே.சி. கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் அவருடைய பேச்சின் மறுவடிவம். பாயசத்தின் சுவை, மழையின் வரவு, நோயுற்ற நண்பரின் நலம், கம்பரின் ஒரு பாடல் எல்லாம் ஒரே தாளில் அடுத்தடுத்து வரும். தமிழில் கடித இலக்கியம் என்று ஒரு துறையை எண்ணும்போது அவருடைய கடிதத் தொகுப்புகள் முன்வரிசையில் நிற்கின்றன. இதய ஒலி, கம்பர் யார்?, அற்புத ரசம் முதலிய அவருடைய நூல்களைக் காட்டிலும் கடிதங்களில் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது.

கம்பரில் கை வைத்தவர்

டி.கே.சி.யின் வாழ்க்கையை எழுதும்போது ஒரு சர்ச்சையைத் தவிர்க்க இயலாது. கம்பராமாயணத்தில் இன்று வழங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி பிறர் புகுத்தியவை என்று அவர் கருதினார். தம் செவிக்குக் கம்பரின் குரலாகப் பட்டவற்றை மட்டும் தேர்ந்து, கம்பர் தரும் ராமாயணம் என்று மூன்று தொகுதிகளாக விளக்கத்துடன் வெளியிட்டார். தேர்ந்ததோடு நிற்கவில்லை. ஏடெழுதினோர் பிழையால் சிதைந்தன என்று தாம் எண்ணிய இடங்களில் சொற்களை மாற்றியும் அமைத்தார்.

புலவர் உலகம் கொதித்தது. சுவடியின் ஆதரவின்றி ஒரு சொல்லையேனும் மாற்ற எவருக்கு உரிமை என்று கேட்டது. அக்கேள்வி நியாயமானது. ஒருவரின் செவி எவ்வளவு நுண்மையானதாயினும், அது தன் காலத்தின் செவி. பன்னிரண்டாம் நூற்றாண்டினது என்று பலரும் கருதும் காவியத்தின் ஓசையை இருபதாம் நூற்றாண்டின் செவியொன்று முடிவாகத் தீர்மானித்துவிட முடியாது. மேலும், செவியே நீதிபதி என்றால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. வேறொரு செவி வேறு தீர்ப்பு வழங்கும்போது இரண்டில் எது மெய் என்று காட்ட வழியில்லை. பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பல சுவடிகளை ஒப்புநோக்கி வெளியிட்ட பதிப்பு முதலியவையே ஆராய்ச்சிக்கு நிலைக்களனாயின, டி.கே.சி.யின் திருத்தங்களை அவ்வாறு கொள்வார் இல்லை.

நண்பர் வட்டத்துக்கு இயல்பாக உள்ள ஆபத்து ஒன்றும் இதில் வெளிப்படுகிறது. அன்புடையோர் கூட்டத்தில், நன்றாகப் பாடிக் காட்டப்பட்ட திருத்தத்தை மறுத்துப் பேச மனம் வருவதில்லை. ரசிப்பதற்குக் கூடியவர்கள் ஐயுறுவதை மறந்துவிடுகிறார்கள். 1959இல் தொடங்கிய எழுத்து இதழின் வழியாகச் சி.சு. செல்லப்பா போன்றோர் அலசல் முறை விமர்சனத்தை வற்புறுத்தியபோது, வெறும் ரசனை போதாது என்ற குரலில் வட்டத்தொட்டி மரபின்மீதான அதிருப்தியும் கலந்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்று எஞ்சி நிற்கிறது. திருத்தங்களை ஏற்காதவர்களிலும் பலர் கம்பரைக் கையில் எடுத்ததற்கு டி.கே.சி.யே காரணமாக இருந்தார். பதம் பிரித்து, நிறுத்தம் தெரியும்படி பாடலை அச்சிட்டால் சாதாரண வாசகரும் படிப்பார் என்பதை அவர் செய்து காட்டினார். அவர் பதிப்பு பிழையுடையது என்று சொல்லும் தகுதி பெற்ற வாசகர்களை உண்டாக்கியதில் அவருக்கும் பங்குண்டு.

1954ஆம் ஆண்டு

1954 பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. குற்றாலத்தில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார். டிசம்பர் 5இல் கல்கி மறைந்தார். பாடியவர், பாடலைச் சொன்னவர், அதை லட்சக்கணக்கான வாசகர்களிடம் கொண்டுசென்றவர் மூவரும் பத்து மாத இடைவெளியில் போய்விட்டனர். ஒரு காலம் முடிந்தது என்று சொல்வது இங்கே மிகையாகாது.

ஆனால் பேச்சு முடியவில்லை. அது கேட்டவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அரசுப் பணியில் இருந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், தஞ்சை மாவட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சோழர் காலச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் சேர்த்து 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமானார். வேங்கடம் முதல் குமரி வரை என்ற வரிசையில் கோயில்களையும் அவற்றின் கலையையும் எழுதினார்; தம் ஆசானின் வரலாற்றையும் எழுதினார். பாட்டின் உருவத்தைப் பார்க்கப் பழகிய கண் கல்லின் உருவத்தையும் பார்த்தது. எஸ். மகராஜன் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். ஹாம்லெட் முதலிய ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிப் பிற மாநிலத்தார்க்கு அறிமுகம் செய்தார். பேராசிரியர் அ. சீனிவாச ராகவன் ஆங்கில இலக்கியத்தையும் தமிழ் இலக்கியத்தையும் ஒன்றாக வைத்துக் கற்பித்துத் தூத்துக்குடியில் ஒரு மாணவர் பரம்பரையை உண்டாக்கினார். மீ.ப. சோமு வானொலியிலும் இதழியலிலும் அந்த ரசனையைத் தொடர்ந்தார். வித்வான் ல. சண்முகசுந்தரம் தம் வாழ்நாள் முழுவதும் டி.கே.சி. சொன்ன முறையிலேயே பாடல் சொல்லிவந்தார்.

இவர்களில் ஒருவர் போல் மற்றொருவர் இல்லை. சிற்பம், நாடக மொழிபெயர்ப்பு, கல்லூரி வகுப்பு, வானொலி, கரிசல் கதை எனத் துறைகள் விரிந்து கிடக்கின்றன. டி.கே.சி. இவர்களுக்குப் பாடத்திட்டம் எதுவும் வகுக்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடலை மெதுவாகக் கேட்கும் பழக்கத்தை மட்டும் தந்தார். அப்பழக்கம் அவரவர் இயல்புக்கேற்ற வழியில் வேலை செய்தது. அவருடைய கம்பர் பதிப்பில் நேர்ந்த தவறு, ஒருவர் கேட்டதை எல்லாரும் ஏற்க வேண்டும் என்ற இடத்தில் நேர்ந்தது. அவருடைய வட்டம் தந்த பயன், ஒன்றாகக் கேட்டவர்கள் வெவ்வேறாக வளர்ந்த இடத்தில் விளைந்தது.

இலக்கிய வட்டங்கள் தங்கள் பணியைக் கணக்கிடும்போது நடத்திய கூட்டங்களையும் வெளியிட்ட மலர்களையும் எண்ணுவது வழக்கம். அக்கணக்கில் வட்டத்தொட்டிக்குக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதன் கூட்டங்களை யாரும் எண்ணவில்லை. அதன் நிகழ்ச்சிகளை யாரும் பதிவு செய்யவில்லை. ஆயினும் தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒரு செப்புத் திருமேனியின் முன் நிற்பவரும், கி. ராஜநாராயணனின் கதையில் ஒரு கிராமத்துக் கிழவரின் குரலைக் கேட்பவரும், கம்பன் விழாவில் ஒரு பாடலுக்காகக் காத்திருப்பவரும், வண்ணார்பேட்டை வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொடங்கிய பேச்சின் தொடர்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.